ஆங்கிலச் சொல்வளம்: சொல்லை அல்ல, வாக்கியத்தை அட்டையில் எழுதுங்கள்

சில வருடங்களுக்கு முன் ஒரு வாடிக்கையாளருக்கு அனுப்பிய மின்னஞ்சலில், எங்கள் நிறுவனம் தரத்துக்கு ‘நொட்டோரியஸ்’ என்று எழுதிவிட்டேன். நான் உருப்போட்ட பட்டியலில் அந்தச் சொல்லுக்குப் ‘பேர்போன’ என்று பொருள் இருந்தது. தமிழில் மதுரை மல்லிகைக்குப் பேர்போனது என்போம், ஒருவன் திருட்டுக்குப் பேர்போனவன் என்றும் சொல்வோம். அந்த ஆங்கிலச் சொல்லோ கெட்ட பெயருக்கு மட்டும்தான். மேலாளர் தனியே அழைத்துச் சொன்ன பிறகு பட்டியல்களைத் தூக்கிப்போட்டேன். இப்போது செய்வது இதுதான்.

முதலில் தினம் ஒரு செய்தித்தாள் தலையங்கம் படியுங்கள். தெரியாத சொல்லையெல்லாம் குறிக்க வேண்டாம். வெவ்வேறு நாளில் இரண்டு முறை எதிர்ப்பட்ட சொல்லை மட்டும் எடுங்கள்.

அடுத்து அகராதி. நான் லாங்மேன் அகராதியைத்தான் சொல்வேன். சுமார் 2000 எளிய சொற்களைக் கொண்டே விளக்கம் தருகிறது, இணையத்தில் இலவசமாகவும் பார்க்கலாம். பொருளைப் படித்ததும் மூடிவிடாதீர்கள், கீழே உள்ள வாக்கியங்களைப் பாருங்கள். ‘மிட்டிகேட்’, ‘அலீவியேட்’ இரண்டுக்குமே தமிழில் ‘தணித்தல்’ என்று போட்டுவிடலாம். ஆனால் முதலாவது பெரும்பாலும் ‘ரிஸ்க்’, ‘இம்பேக்ட்’ பக்கம் நிற்கும். இரண்டாவது ‘பெயின்’, ‘பாவர்ட்டி’ பக்கம். கனமழை என்கிறோம், காற்று என்றால் பலத்த காற்று என்கிறோம் அல்லவா, அதே சங்கதிதான்.

அப்புறம் அட்டை, அதாவது முன்பக்கம் கேள்வியும் பின்பக்கம் விடையும் உள்ள நினைவு அட்டை. இதற்கு, அட்டைகளை நாள் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பக் காட்டும் ஆங்கி செயலியை விட நல்லது எனக்குக் கிடைக்கவில்லை. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் மட்டும் காசு. புது அட்டை போடும்போது ‘பேசிக்’ என்ற வகைதான் பொதுவாக முன்னால் நிற்கும். நான் அதிலேயே வாக்கியத்தை ஒட்டிவிட்டு, கோடிட்ட இடம் ஏன் வரவில்லை என்று ஒரு மாலை முழுக்கத் தேடினேன். வகையை ‘க்ளோஸ்’ (கோடிட்ட இடம் நிரப்புவது) என்று மாற்ற வேண்டும். பிறகு முழு வாக்கியத்தையும் ஒட்டி, கற்க வேண்டிய சொல்லை மட்டும் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். சொல்லைச் சுற்றி இரட்டை அடைப்புக்குறி விழுந்தால் சரி. கேள்வியில் அந்தச் சொல் மறைந்து, அதன் கூட்டாளிச் சொற்கள் கண்ணில் இருக்கும். தமிழ்க் குறிப்பு வேண்டுமானால் பின்பக்கத்தில் எழுதுங்கள், முன்பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

ஆங்கி தானாகவே நாளுக்கு 20 புது அட்டை காட்டும். அதை 5 ஆகக் குறையுங்கள். இன்று பார்த்த 20 அட்டையும் நாளையும், சில நாள் கழித்தும் திரும்ப வரும், அதோடு புதிதாக இன்னும் 20 சேரும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த இருவர் எழுதினார்கள். ஒருவருக்கு 300 அட்டை தேங்கிவிட்டதாம். புது அட்டையைப் பூஜ்யமாக்கிவிட்டு, பழையதைத் தினம் 50 வீதம் முடியுங்கள், ஒரு வாரத்தில் மூச்சு விடலாம். இன்னொருவர் கைபேசியைத் தன் ஆங்கி கணக்கோடு முதன்முறை இணைத்தபோது எல்லா அட்டையும் அழிந்துவிட்டது. அட்டைகள் கணினியில் இருந்தால் முதலில் அங்கே ‘அப்லோடு’ கொடுங்கள், பிறகு கைபேசியில் ‘டவுன்லோடு’. மாற்றி அழுத்தினால் கைபேசியின் வெற்றுப்பெட்டி உங்கள் உழைப்பின் மேல் எழுதப்பட்டுவிடும்.