கிரேப் பேப்பரில் தொட்டி ஜெர்பெரா

கிரேப் பேப்பர் ஒரு பக்கமாகத்தான் இழுபடும். தாளில் ஓடும் சுருக்கக் கோடுகளுக்குக் குறுக்கே இழுத்தால் நன்றாக நீளும். கோட்டின் போக்கிலேயே இழுத்தால் அசையாது. கத்தரிக்கோலை எடுக்கும் முன் இதைக் கையில் இழுத்துப் பார்த்துவிடுங்கள். இதழிலும் நடுக் குஞ்சத்திலும் கோடு அடியிலிருந்து நுனிக்கு ஓட வேண்டும். தண்டில் சுற்றும் பட்டையில் குறுக்கே வர வேண்டும். இலையில் சாய்வாக. திசை மாறி வெட்டிய இதழ் நிமிர்ந்து நிற்காது, எவ்வளவு பசை போட்டாலும் தொய்ந்துவிடும்.

தொட்டியில் வைக்க ஜெர்பெராதான் வசதியான பூ. அதன் தண்டில் இலை கிடையாது. இலைகள் மண்ணை ஒட்டிக் கொத்தாக வளர்பவை என்பதால், அடியில் தெரியும் கம்பியையும், பூவை நிறுத்தத் தொட்டியில் ஊற்றும் பிளாஸ்டரையும் அவையே மறைத்துவிடும்.

மூன்று பூவும் ஒரு மொட்டும் செய்ய, 180 கிராம் என்று குறிப்பிட்டு விற்கும் தடித்த கிரேப் பேப்பரில் இதழ் நிறம் ஒரு சுருள், பச்சை ஒரு சுருள் தேவை. 50 செ.மீ. அகலம், 2.5 மீட்டர் நீளத்தில் கிடைக்கும். பாதிக்கு மேல் மிஞ்சும். நடுப்பகுதிக்கு அடர் பழுப்போ மஞ்சளோ ஒரு துண்டு போதும். தண்டுக்கு 1.2 மி.மீ. கம்பி, இலைக்கு 0.7 மி.மீ. கம்பி, பச்சை ஃப்ளோரல் டேப் (பூத்தண்டில் சுற்றும் மெழுகு பூசிய நாடா), வெள்ளைப் பசை, மூங்கில் குச்சி, டிஷ்யூ பேப்பர், 12 செ.மீ. வாயுள்ள தொட்டி. அலங்காரத் தோரணத்துக்கு விற்கும் மெல்லிய கிரேப் பேப்பரை இதழுக்கு வாங்காதீர்கள். பசை பட்டதும் அதன் சுருக்கம் கரைந்து வெறும் தாளாகிவிடும்.

முதலில் நடுப்பகுதி. 30 செ.மீ. கம்பியின் ஒரு நுனியை 1 செ.மீ. அளவுக்குக் கொக்கியாக வளையுங்கள். இது இல்லாவிட்டால் பூ பிறகு கம்பியிலிருந்து கழன்று சுழலும். 2.5 செ.மீ. அகலமும் சுமார் 50 செ.மீ. நீளமும் உள்ள பட்டையை எடுத்து, ஒரு விளிம்பிலிருந்து 1.5 செ.மீ. ஆழத்துக்கு மிக நெருக்கமாக வெட்டிக்கொண்டே போங்கள். வெட்டாத 1 செ.மீ. அடியில் மட்டும் மெல்லியதாகப் பசை தடவி, அடி விளிம்பு ஒரே மட்டத்தில் இருக்கக் கொக்கியின் மேல் இறுக்கிச் சுற்ற வேண்டும். விட்டம் 2 செ.மீ. வந்ததும் நிறுத்திவிடலாம். தாளின் தடிமனைப் பொறுத்துப் பட்டை கூடவோ குறையவோ செய்யும், ஆகவே நீளத்தை நம்பாமல் அளவுகோலை நம்புங்கள். காய்ந்த பிறகு குஞ்சத்தை விரலால் கலைத்து, நுனிகளை வட்டமாகக் கத்தரித்தால் மேடு சீராகும்.

இதழுக்கு 6.5 செ.மீ. அகலப் பட்டையை 1.2 செ.மீ. மடிப்புகளாக மடித்து வெட்டலாம். ஒரே நேரத்தில் எட்டு அடுக்குக்கு மேல் வேண்டாம். கத்தரிக்கோல் வழுக்கி, உள்ளே இருப்பவை சிறுத்துப்போகும். நுனியை வட்டமாகவும், அடியை 4 மி.மீ. ஆகக் குறுக்கியும் வெட்டுங்கள். 2 செ.மீ. விட்டமுள்ள நடுப்பகுதியின் சுற்றளவு 6.3 செ.மீ.; 4 மி.மீ. அடியுள்ள 16 இதழ் அதைச் சரியாக நிரப்பும். அடி அகலமாக இருந்தால் இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பூ கிண்ணமாகிவிடும். ஒவ்வோர் இதழையும் நடுவில் இரு கட்டைவிரலால் லேசாக அகட்டிக் குழி விழச் செய்து, நுனியை மூங்கில் குச்சியில் உருட்டிப் பின்னுக்கு வளையுங்கள். ஒட்டும் முன் செய்ய வேண்டிய வேலை இது.

இதழின் அடி 1 செ.மீ. பகுதியில் பசை தொட்டு, அரை நிமிடம் விட்டு, பிசுபிசுப்பு வந்ததும் ஒட்டுங்கள். ஈரப் பசையில் ஒட்டினால் இதழ் நழுவும். சிவப்பு, ஊதா நிறங்களில் சாயமும் இறங்கும். முதல் வரிசை 16, அதன் இடைவெளிகளில் இரண்டாம் வரிசை 16. க்ளூ கன் வேகமானதுதான், ஆனால் 32 இதழுக்கு அடியில் உருண்டை உருண்டையாகக் கட்டிக்கொள்ளும். நன்றாகக் காய்ந்த பிறகே இதழ்களை வெளிப்பக்கம் மடித்து விரிக்க வேண்டும். அடியில் பல் வெட்டிய 2 செ.மீ. பச்சைப் பட்டையைச் சுற்றினால் புல்லி இதழ் முடிந்தது. மொட்டுக்கு 12 சிறிய இதழ் போதும், விரிக்காமல் விட்டுவிடுங்கள்.

ஜெர்பெராவின் தண்டு தடிமனானது. கம்பியை டிஷ்யூ பேப்பரால் 5 மி.மீ. வரை பருமனாக்கி, 1 செ.மீ. பச்சைப் பட்டையை இழுத்தபடியே சாய்வாகச் சுற்றுங்கள். பூவுக்குக் கீழே லேசான வளைவு கொடுத்தால் உயிர் வந்துவிடும்.

இலைக்கு, கோடுகள் ஒரே திசையில் இருக்குமாறு தாளை இரண்டாக மடியுங்கள். கோட்டுக்கு 45 டிகிரி சாய்வாக, நேர் விளிம்பு 14 செ.மீ., அகலம் 3 செ.மீ. உள்ள அரை இலையை வெட்டி, வெளி விளிம்பில் ஆழமற்ற வளைவுகள் போடுங்கள். நேர் விளிம்பில் 3 மி.மீ. பசை தடவி இரண்டையும் ஒட்டி, புத்தகம் போல விரித்தால் கோடுகள் இருபுறமும் நரம்பாக ஓடும். நரம்பு நுனி நோக்கி ஏற வேண்டும். எது காம்புப் பக்கம் என்பதை வெட்டும் முன்பே முடிவு செய்யுங்கள். டேப் சுற்றிய மெல்லிய கம்பியைப் பின்புறம் ஒட்டுங்கள். ஃப்ளோரல் டேப்பை இழுத்தால்தான் அதன் மெழுகு பிடிக்கும், இழுக்காமல் சுற்றினால் அவிழ்ந்துவிடும். ஏழு இலை தொட்டியை நிறைக்கும்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இறுகும்போது சற்று விரியும். பீங்கான் தொட்டியில் நேராக ஊற்றினால் விரிசல் விழலாம், அதனால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வைத்து அதில் ஊற்றுங்கள். ஒரு பங்கு தண்ணீரில் இரண்டு பங்கு பொடியைத் தூவிக் கலக்க வேண்டும். மீதியைக் கழுவும் தொட்டியில் கொட்டாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். பூவை ஈரப் பிளாஸ்டரில் நடுவதே பெரும்பாலோர் செய்யும் தவறு: ஈரம் ஏறித் தண்டின் பச்சை வெளுத்துப்போகும். தண்டு அளவு ஸ்ட்ராக்களை நட்டு, இறுகியதும் உருவி, ஓரிரு நாள் உலரவிட்டு, அந்தத் துளைகளில் பசையோடு செருகுங்கள். உயரங்களை 3 செ.மீ. அளவுக்கு மாற்றி வையுங்கள். இலைகளை ஓரமாகச் சாய்த்துச் செருகி, மேலே கூழாங்கல் பரப்பலாம்.

நேர் வெயில் படும் ஜன்னலிலும் குளியலறையிலும் வேண்டாம்: ஒன்றில் நிறம் போகும், மற்றொன்றில் இதழ் தொய்யும். தூசியை உலர்ந்த மென் தூரிகையால் அடியிலிருந்து நுனிக்குத் தட்டுங்கள்.