மழையில் அப்ரூட்சோ: கேம்பர்வேனில் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

படுக்கையும் அடுப்பும் உள்ள கேம்பர்வேனில் ரோமிலிருந்து கிழக்கே சுமார் இரண்டு மணி நேரம் ஓட்டினால் இத்தாலியின் அப்ரூட்சோ பகுதியின் மலைக் கிராமங்கள் தொடங்கிவிடும். கோடையில்கூட அங்கே பிற்பகலில் இடியும் மழையும் சகஜம். அக்டோபர், நவம்பரில் பிடித்தால் நாள் கணக்கில் விடாது. வெயில் நாளுக்குப் போட்ட திட்டத்தை மழையிலும் அப்படியே ஓட்டப் பார்ப்பதால்தான் பல பயணங்கள் கெடுகின்றன. வண்டி ஓடும் தூரத்தைக் குறைத்து, கால் நடக்கும் தூரத்தைக் கூட்டினால் அதே கிராமங்கள் மழையில் இன்னும் அழகாக இருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில், ஒரு நாளைக்கு மூன்று கிராமம் என்று கணக்குப் போடாதீர்கள். வரைபடத்தில் சுல்மோனா நகரிலிருந்து ஸ்கான்னோ கிராமம் 30 கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் அந்தச் சாலை அன்வெர்சா என்ற ஊரைத் தாண்டியதும் சஜித்தாரியோ பள்ளத்தாக்குக்குள் நுழைகிறது. ஒரு பக்கம் சாலைக்கு மேலேயே நீட்டிக்கொண்டிருக்கும் பாறை, மறுபக்கம் பள்ளம், நடுவில் இரண்டு வண்டிகள் உரசாமல் போக யோசிக்க வேண்டிய அகலம். மழைக்குப் பிறகு சின்னச் சின்னக் கற்கள் சாலையில் உருண்டு கிடக்கும். ஊர்ப் பேருந்து ஓட்டுநர்களுக்கு ஒவ்வொரு வளைவும் அத்துப்படி. உங்களுக்கு அப்படி இல்லை. அவசரப்படாமல் போனால் முக்கால் மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் ஆகும்.

எதிரே வண்டி வந்து இரண்டும் கடக்க முடியாவிட்டால் இத்தாலிய மலைச்சாலை விதி ஒன்று இருக்கிறது. இறங்கி வருகிறவர்தான் வலது ஓரமாக ஒதுங்கி நிறுத்த வேண்டும். ஏறுகிறவர் பக்கத்திலேயே ஒதுங்குமிடம் இருந்தால் அவர் அதில் நின்றுகொள்ள வேண்டும். இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டிருக்காமல் இரண்டாவது கியரில் எஞ்சினை வைத்தே வேகத்தைப் பிடியுங்கள். மூன்றரை டன் வண்டி ஈரச்சாலையில் நிற்க எடுக்கும் தூரம் காரைவிட நிறையவே அதிகம். நெடுஞ்சாலையிலும் மழை பெய்தால் வேக வரம்பு 130இலிருந்து 110 ஆகிவிடுகிறது, பலருக்கு இது தெரிவதில்லை. இந்திய உரிமம் வைத்திருப்பவர்கள் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டையும் கையில் வைத்திருங்கள்.

அடுத்தது, எல்லாவற்றிலும் அதிகச் செலவு வைக்கும் தவறு: கிராமத்தின் பெயரை ஜிபிஎஸ்ஸில் போட்டுவிட்டு அது காட்டும் வழியே போவது. அது காருக்கான வழி, நேராகப் பழைய ஊரின் நடுவுக்குத்தான் கூட்டிப்போகும். பல கேம்பர்களுக்கு அடித்தளமான ஃபியட் டுகாட்டோ வேனின் உடல் அகலம் 2.05 மீட்டர், பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்தால் இரண்டரை மீட்டரைத் தொடும். அந்தத் தெருக்கள் கழுதைகளுக்கும் ஆடுகளுக்கும் போட்டவை. வளைந்த பிறகு பின்னால் எடுக்கவும் முடியாது, மழையில் கண்ணாடியில் எதுவும் தெரியாது. பல ஊர்களில் பழைய பகுதியின் வாயிலில் இசட்டிஎல் என்ற வாகனக் கட்டுப்பாட்டுப் பலகையும் கேமராவும் இருக்கும். அபராதம் மாதங்கள் கழித்து வாடகை நிறுவனத்தின் வழியாக வந்து சேரும். அதனால் ஊருக்குக் கீழே உள்ள வண்டி நிறுத்துமிடத்தையே போகுமிடமாகப் போட்டுக்கொள்ளுங்கள். அங்கிருந்து நடை.

நடையில்தான் இந்த ஊர்கள் பிடிபடும். ஸ்கான்னோவின் படிக்கட்டுச் சந்துகளில் கல்லின் நடுப்பகுதி தலைமுறை தலைமுறையாக மிதிபட்டுக் குழிந்து வழவழப்பாகியிருக்கும். மழை பெய்தால் தண்ணீர் அந்தக் குழிவு வழியாகவே இறங்கி ஓடும். கூரை விளிம்புகள் நெருக்கமாக இருப்பதால் குடை விரித்தால் இரண்டு பக்கமும் இடிக்கும், போதாக்குறைக்கு ஓட்டிலிருந்து கொட்டும் தண்ணீர் நேராகக் கழுத்தில் விழும். தொப்பி வைத்த மழைக்கோட்டும் நன்றாகப் பிடிக்கும் ரப்பர் அடி உள்ள காலணியும்தான் சரி. 1951இல் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோனும், அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் இன்னொரு புகைப்படக் கலைஞர் மாரியோ ஜக்கொமெல்லியும் இதே சந்துகளில் கறுப்பு உடைப் பெண்களைப் படம் எடுத்தார்கள். மேகம் கவிந்த நாளில் போனால் அந்தக் கறுப்பு வெள்ளை எங்கிருந்து வந்தது என்று கண்ணெதிரே தெரியும்.

ஆனால் மதியம் ஒரு மணிக்குப் போய் நிற்காதீர்கள். கடைகள், தேவாலயங்கள், ஸ்கான்னோவில் பெயர்பெற்ற மெல்லிய தங்கக் கம்பி வேலை செய்யும் பட்டறைகள் எல்லாம் பொதுவாக ஒன்றிலிருந்து நான்கு வரை மூடியிருக்கும். மழையில் ஒதுங்கக்கூட இடமில்லாமல் ஊரே வெறிச்சோடியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு “இங்கே ஒன்றுமே இல்லை” என்று திரும்புகிறவர்கள் அநேகம். காலை பத்துக்கு, அல்லது நாலரைக்கு மேல் போங்கள். இரவுச் சாப்பாடு ஏழரைக்கு முன்னால் கிடைப்பது அரிது. சாண்டோ ஸ்டெஃபானோ டி செசானியோ போன்ற சின்ன ஊர்களில் நிலையாக வசிப்பவர்கள் நூறு பேர் அளவில்தான். சீசன் முடிந்ததும் அங்கே கடை திறந்திருக்கும் என்று நம்பிப் போகக்கூடாது. டீசல், மளிகை, குடிநீர் எல்லாவற்றையும் சுல்மோனாவிலோ லாக்விலாவிலோ நிரப்பிக்கொண்டு ஏறுங்கள்.

சரி, இரவு எங்கே நிறுத்துவது? மழை நாளில் மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. புல்வெளியில் நிறுத்துவது ஒன்று. பெரும்பாலான கேம்பர்கள் முன்சக்கர இழுவை வண்டிகள். ஈரப்புல்லில் லேசான ஏற்றம் இருந்தாலே சக்கரம் சுற்றிச் சுற்றிக் குழி பறிக்கும். ஜல்லி போட்ட இடம் கிடைக்கும்வரை தேடுங்கள். இரண்டாவது தவறு ஆற்றோரத்திலோ வறண்ட ஓடையிலோ பாறைச் சரிவின் அடியிலோ நிறுத்துவது, இவை மிக ஆபத்தானவை. 25 அக்டோபர் 2011 அன்று இத்தாலியின் வடமேற்கில் உள்ள லிகூரியாவில் மலையும் கடலும் சேரும் வெர்னாட்சா, மோன்தெரோசோ ஊர்களில் சில மணி நேர மழை தெருக்களைச் சேற்றாறாக மாற்றி கார்களை அடித்துக்கொண்டு போனது. 2023 மே மாதம் வட இத்தாலியின் எமிலியா-ரோமான்யா மலைகளில் ஆயிரக்கணக்கான நிலச்சரிவுகள். இத்தாலியின் குடிமைப் பாதுகாப்புத் துறை ஒவ்வொரு பகுதிக்கும் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை வெளியிடுகிறது. தூங்கப் போகும் முன் அதைப் பாருங்கள். ஆரஞ்சு என்றால் மறுநாள் வண்டியை எடுக்காதீர்கள். அவசர எண் 112.

மூன்றாவது தவறு சின்னதாகத் தோன்றும். மழை பெய்கிறதே என்று பொது நிறுத்துமிடத்தில் வண்டியின் பக்கவாட்டுக் கூரைத்துணியை இழுத்து விரித்து, நாற்காலி போட்டுவிடுவார்கள். இத்தாலியச் சாலைச் சட்டத்தின் 185ஆம் பிரிவின்படி, சக்கரங்கள் மட்டும் தரையைத் தொட, கழிவுநீர் எதுவும் வெளியேறாமல், வண்டியின் அளவுக்கு மேல் இடத்தை அடைக்காமல் நின்றால்தான் அது ‘நிறுத்தம்’. துணியை விரித்த நொடியே அது முகாம், அதற்கு அந்த ஊரின் விதியே வேறு. கழிவுநீரை மழைத்தண்ணீரோடு போகட்டும் என்று திறந்துவிடுவதும் குற்றம்தான்.

வண்டிக்குள் வரும் எதிரி ஈரம். மழைக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் மூடிவிட்டுச் சமைத்தால், நனைந்த துணியையும் உள்ளேயே தொங்கவிட்டால், காலையில் முன்கண்ணாடியில் தண்ணீர் கோடு கோடாக இறங்கும், மெத்தையைத் தூக்கினால் அடிப்பக்கம் நசநசவென்று இருக்கும். ஹீட்டரை ஓடவிட்டு, கூரையில் உள்ள காற்றுத் திறப்பை இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள். சூடு வீணாகும் என்று தோன்றும். ஆனால் ஈரக்காற்று வெளியே போனால்தான் உள்ளே காயும். அப்புறம் மின்சாரம். கூரை சோலார் பலகை மழையில் பெயருக்குத்தான் வேலை செய்யும். ஹீட்டரின் விசிறிக்கும் பேட்டரிதான் வேண்டும், இரண்டாம் இரவே அது இறங்கிவிடும். அதனால் இரண்டு நாளுக்கு ஒரு முறையாவது மின் இணைப்பு உள்ள முகாமில் தங்குங்கள். ஆயிரம் மீட்டருக்கு மேல் இலையுதிர்கால இரவுகளில் வெப்பம் பூஜ்யத்தை நெருங்கும்போது பியூட்டேன் சிலிண்டர் அடுப்பு மங்கிவிடும். புரொப்பேன் கேட்டு வாங்குங்கள்.

மழையை விட்டு ஓட நினைத்தால் கண்மூடித்தனமாகத் தெற்கே ஓடாதீர்கள். மேற்கிலிருந்து ஈரக்காற்று வரும்போது அப்பெனைன் மலைத்தொடரின் ரோம் பக்கம் கொட்டும்; அட்ரியாட்டிக் பக்கம் மழை மறைவாக இருக்கும். வடகிழக்குக் காற்று என்றால் நேர்மாறு. காற்றின் திசையைப் பார்த்து ஒரு கணவாயோ சுரங்கமோ தாண்டினாலே போதும். ரோக்கா கலாஷோ கோட்டைக்கு மட்டும் இடி முழங்கும்போது ஏறாதீர்கள். சுமார் 1,460 மீட்டர் உயரத்தில் திறந்த முகட்டில் நிற்கிறது, மின்னல் தாக்கும் ஆபத்து அதிகம்.

பெஸ்கசெரோலி, வில்லாலாகோ ஊர்கள் பக்கம் தங்கினால் குப்பைப் பையை வண்டிக்கு வெளியே வைக்கக்கூடாது. உலகில் அறுபது அளவில் மட்டுமே மிஞ்சியிருக்கும் மார்சிகான் கரடி இங்கேதான் வாழ்கிறது, சாப்பாட்டு வாசனைக்கு ஊருக்குள்ளும் வரும். மனிதர் தரும் தீனிக்குப் பழகிய கரடி சாலைக்கும் பழகிவிடுகிறது. ஊர்மக்கள் எல்லோருக்கும் தெரிந்த ஹுவான் கார்ரித்தோ என்ற இளம் கரடி 2023 ஜனவரியில் கார் மோதித்தான் இறந்தது. இருட்டிய பிறகு, மழையில், அந்தச் சாலைகளில் 50க்கு மேல் போகாதீர்கள்.