கேட்காமல் செய்யும் உதவி: ஊழியர்களின் விழுமியங்களை அளந்து பார்ப்பது எப்படி

புதிதாகச் சேர்ந்தவருக்கு டேலி கணக்கு மென்பொருளைச் சொல்லித் தருவது, லீவில் போனவரின் பில்களை முடித்துக் கொடுப்பது, சரக்கு தாமதமாகும் என்று அடுத்த பிரிவுக்கு முன்னதாகவே சொல்லிவிடுவது. இவை யாருடைய வேலைப் பட்டியலிலும் இருக்காது. மேலாண்மை ஆய்வாளர் டென்னிஸ் ஆர்கன் 1988இல் இத்தகைய நடத்தையை ஐந்தாக வகுத்தார்: உதவுதல், பிறருக்குச் சிக்கல் வராமல் முன்கூட்டிச் சொல்லுதல், கேட்டதற்கு மேலான ஒழுங்கு, சில்லறைக் குறைகளைப் பெரிதாக்காமை, நிறுவனத்தின் நடப்பில் அக்கறை. இவற்றில் எதை யார் செய்கிறார் என்பதில் அவரவர் விழுமியத்துக்கும், அதாவது வாழ்வில் எதை முக்கியமாகக் கருதுகிறார் என்பதற்கும், பங்குண்டு.

விழுமியங்களை அளக்க உளவியலாளர் ஷாலோம் ஷ்வார்ட்ஸ் வகுத்த 10 விழுமியங்களுக்கான 21 கூற்றுக் கேள்வித்தாள் போதும். ஒவ்வொரு கூற்றும் ஒரு மனிதரை விவரிக்கும். அவர் எவ்வளவு தன்னைப்போல் இருக்கிறார் என்று 6 படிகளில் குறிக்க வேண்டும். பரவலாகப் பயன்படும் வடிவத்தில் 1 என்றால் ‘மிகவும் என்னைப்போல்’. ஆகவே முதலில் ஒவ்வொரு விடையையும் 7இலிருந்து கழித்துத் திருப்பிக்கொள்ளுங்கள்.

பலரும் சறுக்குவது அடுத்த படியில்தான். சிலர் எல்லாவற்றுக்கும் தாராளமாக மதிப்பெண் போடுவார்கள், சிலர் கையை இறுக்குவார்கள். எனவே ஒருவரின் 21 விடைகளின் சராசரியை, அவருடைய ஒவ்வொரு விழுமியத்தின் சராசரியிலிருந்தும் கழிக்க வேண்டும். ஒருவருக்கு ‘நெருங்கியவர் நலம்’ என்ற விழுமியம் 5.0, மொத்தச் சராசரி 5.2 என்றால் மிஞ்சுவது −0.2. இன்னொருவருக்கு அதுவே 4.5, சராசரி 3.6 என்றால் +0.9. கழிக்காமல் பார்த்தால் முதலாமவர்தான் அதிக அக்கறை உள்ளவர் என்று தப்புக்கணக்குப் போட்டுவிடுவோம்.

உதவும் நடத்தையைப் பற்றி அந்த ஊழியரிடமே கேட்காதீர்கள். தன்னைப் பற்றி யாரும் கொஞ்சம் கூட்டியே சொல்வார்கள். விழுமியத் தாளையும் உதவி பற்றிய தாளையும் ஒரே ஆள் நிரப்பினால் இல்லாத தொடர்பும் இருப்பதுபோல் தெரியும். இரண்டு மூன்று வாரம் கழித்து, கூட வேலை செய்யும் இருவரிடம் “கடந்த ஒரு மாதத்தில் இவர் எத்தனை முறை இப்படி உதவினார்” என்று கேட்டுச் சராசரி எடுங்கள். தாளில் பெயருக்குப் பதில் குறியீட்டு எண் போதும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் மேலாளர் கைக்குப் போகவே கூடாது; போகும் என்று தெரிந்தால் விடைகள் நல்ல பெயருக்காக எழுதப்படும்.

நெருங்கியவர் நலம் மேலோங்கியவரிடம் பக்கத்து மேசைக்கு உதவும் பழக்கத்தை எதிர்பார்க்கலாம். இணங்கிப்போதல் உயர்ந்தவரிடம் நேரம், விதி பேணுதல். சுயமாக முடிவெடுப்பதை மதிப்பவர் கூட்டத்தில் குறையைச் சொல்வார். அதுவும் உதவிதான், அதைத் தொல்லையாகப் பார்க்கும் மேலாளர் நல்ல ஆளை இழப்பார். சாதனையை நாடுபவர் உதவமாட்டார் என்று ஒதுக்காதீர்கள். உதவியது நாலு பேருக்குத் தெரியும் இடத்தில் அவரும் முன்வரக்கூடும்.

இவை சாய்வுகள் மட்டுமே. ஆள் எடுக்கவோ பதவி உயர்வுக்கோ இந்த எண்களைப் பயன்படுத்தக் கூடாது. 30 பேருக்குக் குறைவான குழுவில் விழுமியத்துக்கும் உதவிக்கும் இடையிலான தொடர்புக் கணக்கே போட வேண்டாம், ஓரிருவர் விடையே முடிவைப் புரட்டிவிடும்.

உதவியை ஆண்டு மதிப்பீட்டில் சேர்த்தால், அது சொல்லப்படாத கட்டாயமாகிவிடும். அதற்குப் பதில், வாரத்தில் இரண்டு மணி நேரம் வேலை ஒதுக்காமல் விடுங்கள். உதவிக்கு ஒருவரிடமே எல்லாரும் போய் நிற்கிறார்களா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். நின்றால், அவருடைய சொந்த வேலையில் ஒரு பகுதியை வேறொருவருக்கு மாற்றிவிடுங்கள்.