கலைப்பு மாத்திரைக்கு முன் ஸ்கேன்: இன்னும் தொடரும் தவறுகள்

கடலூரில் நான் மகப்பேறு மருத்துவம் பார்க்கத் தொடங்கி இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. போன வாரம் பயிற்சிக்கு வந்திருக்கும் ஒரு இளம் டாக்டர் எழுதிய ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படித்ததும் வயிறு கலங்கியது. என் முதல் வருடத்தில் நான் எழுதிய அதே வரி. சிறுநீர்ப்பை நிறையாமல் பார்ப்பது, பெயரை மாற்றி எழுதுவது போன்ற சின்னத் தவறுகள் எல்லாம் பத்து நாளில் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கறுப்பாகத் தெரிந்ததெல்லாம் கரு என்று எழுதுவது

என் அந்த முதல் வருடத்தில் தேவனாம்பட்டினம் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார். நாள் தள்ளிப் பத்து நாள், கார்டில் இரண்டு கோடு. இரண்டு குழந்தைகள் இருந்தார்கள். இன்னொன்று வேண்டாம் என்பதில் தெளிவாக இருந்தார். வயிற்றின் மேல் ஸ்கேன் வைத்தேன். கர்ப்பப்பையின் நடுவில் சின்னதாக ஒரு கறுப்பு வளையம். ‘கர்ப்பப்பைக்குள் கரு, 5 வாரம்’ என்று எழுதினேன். முதல் கலைப்பு மாத்திரை மிஃபெப்ரிஸ்டோன் கொடுத்து, இரண்டு நாள் கழித்து இரண்டாவது மாத்திரை மிசோபிரோஸ்டாலும் கொடுத்தேன். ரத்தம் போகிறது என்று போன் செய்தார். “பயப்படாதம்மா, எல்லாம் வெளியே வந்துடுச்சு” என்றேன்.

ஒன்பதாம் நாள் வலி, தோள்பட்டை வரை இழுத்தது. மயங்கி விழுந்த அவரை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். வலது கருக்குழாய் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் நிறைந்திருந்தது. புதுச்சேரிக்கு அனுப்பி, நாலு யூனிட் ரத்தம் ஏற்றி, ஆபரேஷன் செய்து காப்பாற்றினார்கள். அந்தக் குழாய் போய்விட்டது.

நடந்தது இதுதான். கரு குழாயில் தங்கினாலும் ஹார்மோன் சுரக்கிறது, கர்ப்பப்பையின் உள்சவ்வு தடிக்கிறது, நடுவே கொஞ்சம் நீரோ ரத்தமோ தேங்கலாம். திரையில் அது கரு வளரும் நீர்ப்பை, அதாவது சாக், போலவே ஏமாற்றும். உண்மையான சாக் தடித்த சவ்வுக்குள் புதைந்து, நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கம் ஒதுங்கி இருக்கும். உள்வழி ஸ்கேனில் (பிறப்புறுப்பு வழியாகப் பார்ப்பது) சுமார் ஐந்தரை வாரத்தில் அதற்குள் யோக் சாக், அதாவது கருவுக்கு முதலில் ஊட்டம் தரும் குட்டிப் பை, தெரியும், ஆறு வாரத்தை ஒட்டி இதயத் துடிப்பு. யோக் சாக்கைப் பார்க்கும் வரை இடம் உறுதி என்று எழுதாதீர்கள்.

அடுத்த பொறி மாத்திரையில் இருக்கிறது. இந்த இரண்டு மாத்திரைகளும் குழாயில் உள்ள கருவைக் கலைக்காது. ஆனால் கர்ப்பப்பையின் சவ்வு கழன்று ரத்தம் வரும். கலைந்துவிட்டது என்று அந்தப் பெண்ணும் நம்புவார், நாமும் நம்புவோம்.

அதற்காக வெற்று சாக்கைப் பார்த்ததும் ‘டியூபில் கரு’ என்று எழுதி நடுங்க வைக்கவும் வேண்டாம். பெரும்பாலும் அது சீக்கிரமே பார்க்கப்பட்ட சரியான கருதான். ‘இடம் இன்னும் உறுதியாகவில்லை’ என்று எழுதுங்கள். உள்வழி ஸ்கேனில் இரண்டு பக்கமும் சினைப்பையை ஒட்டிப் பாருங்கள். ரத்தத்தில் பீட்டா எச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோன் அளவை எடுத்து, 48 மணி நேரம் கழித்து மறுபடி எடுங்கள். ஒரு வாரத்தில் திரும்ப ஸ்கேன்.

“ரொம்ப அவசரப்படுத்தினாங்க மேடம்” என்று பயிற்சிக்கு வந்த அந்த இளம் டாக்டர் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது இதில்தான். நம் நாட்டு விதிப்படி மாத்திரைக்கு 9 வாரம் வரை இடமிருக்கிறது. அந்த டாக்டர் பார்த்த பெண் வந்தது ஐந்தாவது வாரத்தில். ஒரு வாரம் காத்திருந்தால் எதுவும் கைமீறியிருக்காது. அதை உட்கார வைத்துச் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

எல்லோருக்கும் ஸ்கேன் கட்டாயம் என்று திருப்பி அனுப்புவது

இது எதிர்ப்பக்கத் தவறு. கடைசி மாதவிடாய்த் தேதி உறுதியாகத் தெரிந்து, வலியோ ரத்தக்கசிவோ இல்லாத பெண்ணுக்கு வழக்கமாக ஸ்கேன் தேவையில்லை என்றுதான் உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. ஸ்கேன் தேதி கிடைக்கவில்லை என்று வாரங்களை ஓட்டினால் பாதிக்கப்படுவது அந்தப் பெண்தான். ஆனால் ஒரு பக்க வலி, கசிவு, காப்பர் டி, முன்பு குழாயில் கரு தங்கியது, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குப் பிறகும் கர்ப்பம், இதில் ஒன்று இருந்தாலும் பார்க்காமல் மாத்திரை கூடாது.

வாரக் கணக்கை வாய்ச்சொல்லில் விடுவது

பால் கொடுக்கும் காலத்தில் தலைக்குக் குளிக்காமலே கரு தங்கிவிடும். பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) இருப்பவருக்குத் தேதியே ஒழுங்காக வராது. லேசான கசிவை மாதவிடாய் என்று எண்ணியவர் ஒரு மாதம் பின்தங்கிக் கணக்குச் சொல்வார். சந்தேகம் வந்தால் கருவின் நீளத்தை அளந்து பாருங்கள். முதல் மூன்று மாதத்தில் அது ஒரு வாரத்துக்குள்தான் முன்பின் ஆகும்.

முந்தைய சிசேரியனைக் கேட்காமல் விடுவது

பழைய தழும்பிலேயே கரு ஒட்டியிருக்கலாம். கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியைத் தனியாகப் பாருங்கள்.

கேட்காமல் திரையை அவர் பக்கம் திருப்புவது

செய்யாதீர்கள். துடிப்புச் சத்தத்தையும் போட்டுக் காட்டாதீர்கள். பார்க்க விரும்பினால் அவரே சொல்வார்.

கணவர் கையெழுத்து கேட்பது

18 வயது நிறைந்தவருக்கு அவர் சம்மதம் மட்டும் போதும்.

போன் நம்பர் கொடுக்காமல் அனுப்புவது

வார்டு நம்பர் அல்ல, எடுத்துப் பேசும் ஒருவரின் நம்பர். ரத்தம் வந்துவிட்டது என்று அவர் சொன்னால் அதோடு வைத்துவிடாதீர்கள். வலி எந்தப் பக்கம், தோளுக்கு ஏறுகிறதா, எழுந்து நின்றால் கண் இருட்டுகிறதா என்று கேளுங்கள். ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் அப்போதே வரச் சொல்லுங்கள்.