பதிவுப் பத்திரம் இல்லாத கைத்துப்பாக்கி: கனடாவில் வாரிசுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அப்பா காலமான பின் அலமாரியின் அடித்தட்டில், துணியில் சுற்றிய ரிவால்வர் ஒன்று கிடைக்கிறது. பதிவுச் சான்றிதழைக் காணவில்லை. பதற்றத்தில் பலரும் அதைக் காரில் வைத்துக்கொண்டு நேரே பொலிஸ் நிலையத்துக்குப் போகிறார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் கைத்துப்பாக்கியை வீட்டிலிருந்து வெளியே கொண்டுபோகவே தனி அனுமதி வேண்டும். ஒப்படைப்பதென்றால் பொலிஸின் அவசரமல்லாத எண்ணுக்கு அழைத்து, வந்து எடுத்துப்போகச் சொல்லுங்கள்.

பத்திரம் இல்லையென்றால் பதிவே இல்லை என்று முடிவுகட்டுவது அடுத்த தவறு. கனடாவில் கைத்துப்பாக்கிப் பதிவு 1934இலிருந்து நடக்கிறது. 2012இல் ஒழிக்கப்பட்டது, சாதாரண வேட்டைத் துப்பாக்கி போன்ற, 'கட்டுப்பாடற்ற' வகை நீளத் துப்பாக்கிகளின் பதிவு மட்டுமே. காகிதம் தொலைந்திருக்கலாம், பதிவு அப்படியே இருக்கலாம். துப்பாக்கிப் பதிவுகளைக் கவனிக்கும் அரசு அமைப்பான கனடிய துப்பாக்கித் திட்டத்தை 1-800-731-4000 என்ற எண்ணில் அழைத்து, தயாரிப்பாளர் பெயரையும் தொடர் இலக்கத்தையும் சொல்லிக் கேளுங்கள்.

இந்த இலக்கத்திலும் கோட்டை விடுவார்கள். பழைய ஸ்மித் அண்ட் வெசன் ரிவால்வரில் உருளையை வெளியே திருப்பினால் உள்ளே ஓர் எண் தெரியும். அது தொழிற்சாலையில் பொருத்துவதற்காக இட்ட எண். உண்மையான தொடர் இலக்கம் பெரும்பாலும் கைப்பிடியின் அடியில் இருக்கும். துருவேறி மங்கியிருந்தால் சுரண்டித் தேய்க்காதீர்கள்: இலக்கத்தை அழிப்பதே தனிக் குற்றம். தோட்டா இருக்கிறதா என்று பார்க்கத் தெரியாதவர் துப்பாக்கியைத் தொடவே வேண்டாம்.

உயிலை நிறைவேற்றுபவருக்குச் சொந்த லைசென்ஸ் இல்லாவிட்டாலும், சொத்தைத் தீர்க்கும்வரை நியாயமான காலத்துக்கு ஆயுதத்தை வைத்திருக்கலாம். குற்றவியல் சட்டத்தின் 91ஆவது பிரிவும் சட்டப்படி கைக்கு வந்த ஆயுதத்துக்கு அந்த அவகாசத்தைத் தருகிறது. அது எத்தனை நாள் என்று சட்டத்தில் எண் இல்லை. அதை நம்பி வருடக்கணக்கில் இழுப்பவர்களே மாட்டிக்கொள்கிறார்கள். முதல் வாரமே அழையுங்கள். மரணச் சான்றிதழையும், சொத்தின் சார்பில் செயற்படும் அதிகாரத்தை அறிவிக்கும் படிவத்தையும் தயார் செய்யுங்கள். அதுவரை, தெரிந்தவர் கையால் தோட்டா நீக்கி, விசைப் பூட்டுப் போட்டு, பூட்டிய வலுவான பெட்டிக்குள் வையுங்கள். தோட்டாக்களைத் தனியே பூட்டுங்கள்.

"என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது, என் பேருக்கு மாற்றிக்கொள்கிறேன்" என்ற எண்ணம் முன்பு சரி. 2022 அக்டோபர் 21 முதல், மிகச் சில விதிவிலக்குகள் தவிர, கைத்துப்பாக்கியைத் தனிநபர் பெயருக்கு மாற்ற முடியாது. லைசென்ஸ் பெற்ற வணிகருக்குக் கொடுப்பது, பொலிஸிடம் ஒப்படைப்பது, அங்கீகரிக்கப்பட்ட முறையில் நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்வது ஆகியவையே பெரும்பாலானோருக்கு மிஞ்சும் வழிகள். சுடும் ஊசியைக் கழற்றிவிட்டால் செயலிழந்ததாகக் கணக்கில்லை.

சட்டம் அந்தத் துப்பாக்கியை எந்த வகையில் சேர்க்கிறது என்பதையும் ஊகிக்காதீர்கள். குழல் 105 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ என்றால் அது தடைசெய்யப்பட்ட வகை. ரிவால்வரில் அளவு உருளைக்கு முன்னால் தொடங்கும். பழைய பத்திரம் கிடைத்தாலும் அப்படியே நம்ப வேண்டாம்: ஏஆர்-15 ரைபிள் முன்பு 'கட்டுப்படுத்தப்பட்ட' வகையில் இருந்தது, 2020 மே 1 முதல் 'தடைசெய்யப்பட்ட' வகைக்கு மாறிவிட்டது. 1898க்கு முந்தையது என்பதால் மட்டும், பதிவு தேவைப்படாத பழம்பொருளாகச் சட்டப்படி ஆகிவிடாது. 45 கோல்ட் தோட்டாவுக்காகச் செய்த அக்காலக் கைத்துப்பாக்கிக்கு அந்தச் சலுகை இல்லை.

ஒப்படைத்ததும் ரசீது வாங்குங்கள். இறந்தவர் பெயரிலிருந்து அந்த இலக்கம் நீங்கிவிட்டதைத் துப்பாக்கித் திட்டத்திடம் கேட்டு உறுதிசெய்த பிறகே கோப்பை மூடுங்கள்.