கைப்பிரதி அச்சுக்குப் போகும் முன்

லண்டனில் எங்கள் தமிழ்ச் சபை மக்களுக்குக் கொடுக்கும் கைப்பிரதிகளை, அதாவது துண்டுப் பிரசுரங்களை, சரிபார்த்து அச்சுக்கு அனுப்புவது என் பொறுப்பு. ஓரினச்சேர்க்கை பாவம் என்று எழுதினால் போலீஸ் வருமா என்பதுதான் ஊழியக்காரர்கள் அடிக்கடி கேட்பது. நான் பார்க்கிற முறையைச் சொல்கிறேன். இது இங்கிலாந்து, வேல்ஸுக்கு மட்டும். ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு.

முதலில், மிரட்டல் இருக்கிறதா என்று பாருங்கள். பாலீர்ப்பை வைத்து வெறுப்பைத் தூண்டுவது 2010 மார்ச் முதல் குற்றம். 7 ஆண்டு வரை சிறை. ஆனால் வாசகம் மிரட்டலாகவும் இருக்க வேண்டும், வெறுப்பைக் கிளப்பும் நோக்கமும் இருக்க வேண்டும். புண்படுத்தியது என்பது மட்டும் இந்தக் குற்றத்துக்குப் போதாது. பொது ஒழுங்குச் சட்டத்தின் 29ஜேஏ பிரிவு இன்னும் தெளிவாகவே சொல்கிறது: பாலுறவு நடத்தையை விமர்சிப்பதையோ, அதை விட்டுவிடச் சொல்வதையோ மட்டும் வைத்து மிரட்டல் என்று கொள்ளக் கூடாது. ஆகவே 'இது பாவம், மனந்திரும்புங்கள்' என்று தாராளமாக எழுதலாம். அந்த உரிமையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அப்புறம் படத்தைப் பாருங்கள். இந்தச் சட்டத்தில் முதலில் தண்டனை வந்தது இங்கிலாந்தின் டெர்பி நகரில். 2010இல் ஓரினச்சேர்க்கையாளர்களின் பிரைட் ஊர்வலத்துக்கு முன், தூக்குக் கயிற்றில் தொங்கும் உருவத்தோடு 'மரண தண்டனை?' என்ற பிரதியை மசூதிக்கு வெளியிலும் வீடு வீடாகவும் கொடுத்தார்கள். 2012இல் ஒருவருக்கு 2 ஆண்டு, இருவருக்கு 15 மாதம்.

எனக்கும் ஒரு பிரதி வந்தது: ஆணோடு சேரும் ஆண் கொல்லப்பட வேண்டும் என்கிற லேவியராகமம் 20:13 பெரிய எழுத்தில், அடியில் கற்குவியல் படம். படத்தை எடுத்தேன். தனியாக நின்றால் அந்த வசனம் வாசிப்பவன் கையில் கல்லைக் கொடுக்கிற மாதிரி இருக்கும். அதற்குப் பதில் 1 கொரிந்தியர் 6:9 முதல் 11 வரை முழுதாகப் போடச் சொன்னேன்; பாவத்தைக் கண்டித்து, உங்களில் சிலர் அப்படி இருந்தீர்கள், ஆனால் கழுவப்பட்டீர்கள் என்று முடிகிற பகுதி அது. தண்டனை யார் கையில் என்று ஒவ்வொரு வரியிலும் கேளுங்கள். தேவன் நியாயந்தீர்ப்பார் என்பது பிரசங்கம். 'இவர்களை ஒழிக்க வேண்டும்' என்ற வரியை நான் அடித்து நீக்குவது சட்டத்துக்காக மட்டும் இல்லை. எங்கள் ஆராதனையிலேயே அப்படிப்பட்ட பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் பயந்து ஓடினால் நாம் யாருக்குப் பிரசங்கிப்பது?

கொடுக்கும் இடமும் முக்கியம். ஒருவரைக் குறிவைத்து அவர் வீட்டில் திரும்பத் திரும்பப் போட்டால் அது தொல்லை கொடுத்த வழக்காகலாம். தெருவில் பேசும்போது போலீஸ் வந்தால் வாக்குவாதம் வேண்டாம். ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனால் சொலிசிட்டர், அதாவது வக்கீல், இலவசமாகக் கிடைப்பார். அவர் வரும்வரை வழக்கைப் பற்றி ஒன்றும் பேசாதீர்கள்.