ஓவர்ரைடு செய்யும்போது மேலே ஒரு வரி போடுங்கள்

திருகோணமலையில் ஜாவா பழகும் தம்பி தங்கச்சிமாருக்கு: நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்கு ஓடும் படகுகளுக்கு நிரல் எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். ‘படகு’ கிளாஸில் ‘கட்டணம்’ என்றொரு மெதட், அதாவது கட்டணத்தைக் கணக்கிடும் ஒரு நிரல் துண்டு. பயணிகளின் எண்ணிக்கையை இன்ட் (முழு எண் வகை) ஆக வாங்குகிறது; இப்படி வாங்குவதுதான் பராமீட்டர். ‘வேகப்படகு’ கிளாஸ் ‘படகு’ கிளாஸை எக்ஸ்டென்ட் செய்தால், அதாவது அதன் வாரிசானால், அந்த மெதட் தானாகவே வந்துவிடும். கட்டணம் வேறு என்றால் அதே பெயரில், அதே பராமீட்டரோடு திரும்ப எழுத வேண்டும். இதுதான் ஓவர்ரைடு.

இங்கேதான் கவனம். இன்டுக்குப் பதில் லாங் (பெரிய முழு எண் வகை) என்று எழுதினால் அது வெறும் ஓவர்லோடு, அதாவது அதே பெயரில் பராமீட்டர் வேறான இன்னொரு மெதட். நிரல் பிழை காட்டாமல் ஓடும், ஆனால் இன்ட் கொடுத்து அழைத்தால் பழைய கட்டணம்தான் வரும். மெதட்டுக்கு மேலே ‘@ஓவர்ரைடு’ (@Override) என்று போட்டிருந்தால், நிரலை மொழிமாற்றும் கம்பைலர் அங்கேயே பிடித்துவிடும். 2004இல் ஜாவா 5 உடன் வந்த வசதி. கட்டாயமில்லை, ஆனாலும் நான் ஒருபோதும் விடுவதில்லை. அப்புறம், தாய் கிளாஸான ‘படகு’வின் கணக்கும் சேர வேண்டுமென்றால் சூப்பர் (super) போட்டு அந்த மெதட்டை அழையுங்கள்.